புராஸ்டேட் புற்றுநோய்: வெளிக்கதிரோடு உள்கதிரும் சேர்த்து வைக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. குடியாத்தம் பக்கம் கிராமத்தில் விவசாயம் பார்க்கிறார். புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிய வந்திருக்கிறது. பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை எண் 14.6. பயாப்சியில் எடுத்த 12 துண்டில் 7-ல் நோய் இருக்கிறது, நோயின் வேகத்தைக் காட்டும் க்ளீசன் எண் 4+3 என்று எழுதியிருக்கிறார்கள். எம்ஆர்ஐயில் சுரப்பி 52 சிசி. நோய் உறையைத் தாண்டவில்லை. பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேனில் வேறெங்கும் பரவவில்லை. சர்க்கரை உண்டு. நான்கு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் சாப்பிடுகிறார். அதனால் ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். இரவில் மூன்று முறை சிறுநீருக்கு எழுந்திருக்கிறார். வேலூரில் ஒரு டாக்டர் வெளியிலிருந்து 20 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தால் போதும் என்கிறார். இன்னொருவர் வெளியே 15 நாள், ஊசி வழியாக உள்ளே ஒருமுறை என்று இரண்டும் சேர்த்து வைக்கலாம் என்கிறார். இரண்டும் வைத்தால் கதிர்வீச்சு இரண்டு மடங்கு ஆகிவிடாதா? ஊசி குத்தினால் நோய் பரவாதா? ஆம்பூரில் தெரிந்தவர் ஒருவருக்கு உள்ளே மட்டும்தான் வைத்தார்கள். பேரனை மடியில் வைக்கக் கூடாது என்றார்களாம். எங்கள் வீட்டிலும் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இரண்டு டாக்டர்களும் சொன்னது சரியான சிகிச்சைதான். இரண்டிலுமே நோயை முழுமையாகக் குணப்படுத்தும் நோக்கம் உண்டு. எது அப்பாவுக்குப் பொருந்தும் என்று முடிவு செய்ய வேண்டிய முக்கியமான தகவல் உங்கள் கடிதத்தில் இல்லை. அவருக்குச் சிறுநீர் எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது, போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதுதான் அது. அதை அளக்காமல் உள்கதிருக்குத் தேதி வாங்காதீர்கள். காரணத்தைக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் நோயின் நிலை. பிஎஸ்ஏ 10-க்கும் 20-க்கும் நடுவில், க்ளீசன் கூட்டுத்தொகை 7, நோய் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறது என்பதால் இது நடுத்தர ஆபத்துப் பிரிவு. அதற்குள்ளேயும் இரண்டு வகை உண்டு. 3+4 என்றால் வேகம் குறைந்த செல்கள் அதிகம்; 4+3 என்றால் வேகமான செல்கள் அதிகம். அப்பாவுக்கு 4+3, அதோடு பாதிக்கு மேற்பட்ட துண்டுகளில் நோய். எனவே நடுத்தரப் பிரிவிலேயே சற்றுக் கடினமான பக்கத்தில் இருக்கிறார். சேர்த்து வைக்கலாம் என்ற யோசனை வருவது இதனால்தான்.

கதிர்வீச்சு இரண்டு மடங்கு ஆகிவிடாது. வெளிக்கதிர் மட்டும் என்றால் நாளொன்றுக்கு 3 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் 20 நாளில் 60 கிரே கொடுப்பார்கள். உள்கதிரும் சேரும்போது வெளிக்கதிர் குறைந்துவிடும். 15 நாளில் 37.5 கிரே, அதோடு ஊசிகள் வழியாக ஒரே அமர்வில் 15 கிரே என்பது பரவலாக வழக்கத்தில் உள்ள கணக்கு. கூட்டிப் பார்த்தால் 52.5தான் வரும், 60-ஐ விடக் குறைவு. ஆனால் புராஸ்டேட் புற்றுச் செல்கள் சிறு சிறு டோஸ்களை ஓரளவு தாங்கிக்கொள்ளும், ஒரே தடவையில் வரும் பெரிய டோஸைத் தாங்காது. அந்தத் தன்மையைக் கணக்கில் சேர்த்து, தினம் 2 கிரே கொடுக்கும் பழைய முறைக்கு ஈடாக மாற்றிப் பார்த்தால், 20 நாள் வெளிக்கதிர் ஏறக்குறைய 77 கிரேக்குச் சமம்; இரண்டும் சேர்ந்தது ஏறக்குறைய 113 கிரேக்குச் சமம். மிகப் பெரிய டோஸ்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் கூட்டிக் காட்டும். அப்படியே இருந்தாலும் வித்தியாசம் பெரியதுதான். கதிர் புறப்படும் இடமே சுரப்பிக்குள் இருப்பதால், ஊசியிலிருந்து தள்ளிப் போகப் போக டோஸ் சட்டென்று விழுந்துவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு அதிகமாகக் கொடுத்தும் மலக்குடல் தப்பிக்கிறது.

சுரப்பியின் நடுவே போகும் சிறுநீர்க் குழாயால் அப்படித் தப்பிக்க முடியாது. கஷ்டம் வருவது அங்கேதான்.

இந்தச் சேர்க்கையைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள வலுவான சான்றுகளில் ஒன்று அசெண்ட்-ஆர்டி என்ற கனடா நாட்டு ஆய்வு. 398 ஆண்கள், எல்லோருக்கும் ஒரு வருட ஹார்மோன் ஊசி (ஆண் ஹார்மோனைக் குறைப்பது), இடுப்புப் பகுதிக்கு 46 கிரே வெளிக்கதிர். அதன் பிறகு பாதிப் பேருக்கு வெளிக்கதிரையே 78 கிரே வரை கூட்டினார்கள், மீதிப் பேருக்கு அயோடின்-125 விதைகளை, அதாவது கதிர் வீசும் சிறு துகள்களை, சுரப்பிக்குள் வைத்தார்கள். ஒன்பது ஆண்டுக் கணக்கில் பிஎஸ்ஏ மறுபடி ஏறாமல் இருந்தவர்கள் விதை வைத்த பக்கம் 83 சதவீதம், வெளிக்கதிர் மட்டும் பெற்ற பக்கம் 62 சதவீதம். இது பெரிய லாபம். ஆனால் உயிர் வாழும் காலத்தில் இரு பக்கத்துக்கும் தெளிவான வித்தியாசம் வரவில்லை. கடுமையான சிறுநீர்த் தொல்லை ஐந்து வருடத்துக்குள் விதை வைத்தவர்களில் 18 சதவீதத்தினருக்கும், வெளிக்கதிர் மட்டும் பெற்றவர்களில் 5 சதவீதத்தினருக்கும் வந்தது. அதில் பாதியளவு சிறுநீர்க் குழாய் சுருங்கிப்போன பிரச்சினை. உங்கள் அப்பாவுக்குச் சொல்லியிருப்பது நிரந்தர விதை அல்ல, வைத்து எடுத்துவிடும் முறை. அதில் இந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு. ஆனால் இல்லாமல் போவதில்லை.

ஆக, உள்கதிரைச் சேர்ப்பதால் நோய் திரும்பும் வாய்ப்பு குறைகிறது. அதற்கு ஈடாகச் சிறுநீர்ப் பாதையில் சுமை ஏறுகிறது. ஏற்கெனவே அடைப்போடு இருக்கும் பாதை அந்தச் சுமையைத் தாங்காது. அதனால்தான் சிறுநீர் போகும் வேகத்தையும் மிச்சத்தையும் முதலில் கேட்டேன்.

யூராலஜி டாக்டரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முதலாவது ஐபிஎஸ்எஸ் என்ற ஏழு கேள்விப் பட்டியல். மொத்தம் 35 மதிப்பெண். 7 வரை இருந்தால் கவலையில்லை. 15-ஐத் தாண்டினால் உள்கதிரைப் பற்றித் தயங்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் வேண்டாம் என்பேன். கூச்சப்பட்டுக்கொண்டு "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று அப்பா சொல்லிவிடக் கூடாது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டி நிரப்புங்கள். இரண்டாவது, சிறுநீர் போகும் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ. நொடிக்கு 15 மில்லிக்கு மேல் வேகம் இருந்தால் நல்லது, 10-க்குக் கீழே என்றால் அடைப்பு இருக்கலாம். 150 மில்லியாவது போனால்தான் அந்த அளவீடு செல்லும். பஸ்ஸில் இறங்கியதும் அவசர அவசரமாகப் போய்க் கொஞ்சமாகப் போனால் ரிப்போர்ட்டில் பயனில்லை. மூன்றாவது, போன பிறகு ஸ்கேனில் மிச்சச் சிறுநீர். 100 மில்லிக்கு மேல் நின்றால் எச்சரிக்கை.

இரவு மூன்று முறை எழுந்திருப்பதற்குப் புராஸ்டேட் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் அப்படித்தான் இருக்கும். அவருடைய மாத்திரைச் சீட்டில் டாபாக்ளிஃப்ளோசின் அல்லது எம்பாக்ளிஃப்ளோசின் இருக்கிறதா என்று பாருங்கள். இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை, அதனால் சிறுநீர் அதிகம் போகும். மயக்க மருந்து டாக்டரிடமும் இதைச் சொல்ல வேண்டும்; ஊசி வைக்கும் நாளுக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்.

52 சிசி என்ற அளவு எல்லைக்குள்தான் இருக்கிறது. பொதுவாக 60 சிசிக்கு மேல் போனால் இடுப்பெலும்பு குறுக்கே வந்து சில இடங்களுக்கு ஊசி எட்டாது. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் நடு மடல் (சுரப்பியின் நடுப் பகுதி) சிறுநீர்ப்பைக்குள் நீட்டிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். அப்படி இருப்பவர்களுக்கு உள்கதிருக்குப் பின் சிறுநீர் அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐபிஎஸ்எஸ் 15-க்குள், வேகம் நன்றாக, மிச்சம் குறைவாக இருந்து, ஊசி முறையைப் புராஸ்டேட்டுக்குத் தொடர்ந்து செய்துவரும் மருத்துவமனையும் கிடைத்தால், உங்கள் அப்பாவுக்கு இரண்டும் சேர்த்து வைப்பதே நல்லது. இவற்றில் ஒன்று சரியில்லாவிட்டாலும் 20 நாள் வெளிக்கதிரை நிம்மதியாக ஏற்றுக்கொள்ளுங்கள். அது இரண்டாந்தர சிகிச்சை இல்லை. எம்ஆர்ஐயில் தெரியும் கட்டிக்கு மட்டும் வெளிக்கதிரிலேயே கூடுதல் டோஸ் கொடுக்கும் வழியும் உண்டு. ஃபிளேம் என்ற ஆய்வில் அப்படிக் கொடுத்தபோது ஐந்து வருடத்தில் நோய் திரும்பாதவர்கள் 85-லிருந்து 92 சதவீதமாக உயர்ந்தார்கள், பக்க விளைவு குறிப்பிடும்படி கூடவில்லை. "கட்டி இருக்கும் இடத்துக்கு மட்டும் கூடுதலாகக் கொடுக்க முடியுமா?" என்று அந்த முதல் டாக்டரிடமே கேளுங்கள்.

மருத்துவமனையின் அனுபவத்தைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. உள்கதிர் இயந்திரம் பல ஊர்களில் இருக்கிறது, ஆனால் நம் நாட்டில் அது பெரும்பாலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கே பயன்படுகிறது. "புராஸ்டேட்டுக்கு இதை வழக்கமாகச் செய்கிறீர்களா?" என்று கேட்பதில் தவறில்லை, எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எந்த வழியில் போனாலும் ஹார்மோன் ஊசி பற்றிப் பேச்சு வரும். அப்பாவின் நிலைக்கு வழக்கமாக 4 முதல் 6 மாதம். லியூப்ரோலைட் அல்லது கோசரலின், மூன்று மாதத்துக்கு ஒன்று. முதல் ஊசியில் ஹார்மோன் சில நாள் ஏறிப் பிறகுதான் இறங்கும் என்பதால் சில வாரம் பைகலூட்டமைடு மாத்திரை சேர்த்துத் தருவார்கள். உடல் திடீரென்று கொதிக்கும், சோர்வு வரும், எடையும் சர்க்கரையும் ஏறும். ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் முன்கூட்டியே சரிசெய்ய வேண்டும். தினமும் நடக்க வேண்டும். ஊசிச் செலவை மிச்சம் பிடிக்க விரையை நீக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது வாழ்நாள் முழுவதும் மாற்ற முடியாதது, இவருக்குத் தேவை ஆறு மாதம்தான்.

உள்கதிர் ஊசி வைக்கும் நாளில் நடப்பது இது. முந்தின நாள் இரவு வயிறு சுத்தம் செய்ய மருந்தோ எனிமாவோ கொடுப்பார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, கால்களைத் தூக்கி வைத்து, யூரின் டியூப் போடுவார்கள். மலக்குடல் வழியாக அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே, விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாக 12 முதல் 18 மெல்லிய ஊசிகள் சுரப்பிக்குள் போகும். பிறகு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் திட்டம் போடுவார்கள். சுரப்பியின் 95 சதவீதமாவது முழு 15 கிரே பெற வேண்டும், நடுவில் உள்ள சிறுநீர்க் குழாயில் டோஸ் ஏறிவிடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் சரிபார்ப்பதில்தான் நேரம் போகும். அதன்பின் ஒவ்வொரு ஊசிக்குள்ளும் இரிடியம்-192 என்ற சிறு கதிர்மூலம் கம்பி நுனியில் போய், ஆங்காங்கே சில நொடி நின்று, திரும்பி இயந்திரத்துக்குள்ளேயே வந்துவிடும். இதற்கு 10 முதல் 20 நிமிடம். இரிடியத்தின் வீரியம் 74 நாளில் பாதியாகும். எனவே புது மூலத்தில் 10 நிமிடம் ஆன சிகிச்சை, பழையதில் 20 நிமிடம் ஆகும். பக்கத்துப் படுக்கைக்காரரை விட அப்பாவுக்கு நேரம் அதிகமானால் டோஸ் கூடிவிட்டது என்று பதற வேண்டாம்.

இந்த முறையில் தவறு நேரக்கூடிய இடம், படம் எடுத்ததற்கும் கதிர் வைப்பதற்கும் இடைப்பட்ட நேரம். அப்பாவை சிடி அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பினாலோ, சுரப்பி வீங்கினாலோ ஊசிகள் சில மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். அப்படியே கதிர் வைத்தால் சுரப்பியின் மேல் பகுதிக்குக் குறைவாகவும், கீழே உள்ள குழாய்க்கு அதிகமாகவும் போய்ச் சேரும். பின்னாளில் குழாய் சுருங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். கதிர் வைக்குமுன் ஊசியின் ஆழத்தை மறுபடி பார்ப்பார்களா என்று கேட்டு வையுங்கள். அந்த நேரத்தில் அப்பாவும் காலை அசைக்காமல் இருக்க வேண்டும்.

க்ளோபிடோக்ரலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்த ஊசிக்கும் முதுகு ஊசிக்கும் அதை வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்தி, ஆஸ்பிரினைத் தொடரச் சொல்வார்கள். ஆனால் அந்த அனுமதி இதய டாக்டரின் கையெழுத்தோடு வர வேண்டும். ஸ்டென்ட் வைத்து நான்கு வருடமான பிறகும் இரண்டு மாத்திரையும் தேவையா என்று கேட்கவும் இதுவே நல்ல சந்தர்ப்பம்.

15 நாளோ 20 நாளோ, வெளிக்கதிருக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் வர வேண்டும். ஒவ்வொரு நாளும் சிறுநீர்ப்பை ஒரே அளவு நிறைந்தும், மலக்குடல் காலியாகவும் இருப்பதுதான் இதில் நோயாளியின் பங்கு. பை நிறைந்தால் குடல் மேலே தள்ளி நிற்கும். மலக்குடலில் காற்று நிறைந்தால் புராஸ்டேட் முன்னே நகரும். திட்டத்துக்கு ஸ்கேன் எடுக்கும் அன்றே மலக்குடல் ஊதியிருந்தால் பிந்தைய நாட்களில் எல்லாம் குறி தப்பும். அன்று மலம் போகாமல் வந்திருந்தால் ஸ்கேனைத் தள்ளிவைக்கச் சொல்லலாம். குடியாத்தத்திலிருந்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு பஸ் ஏறாதீர்கள், வழியிலேயே தாங்காது. மருத்துவமனைக்கு வந்து, ஒருமுறை போய்விட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, அவர்கள் சொல்லும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் காத்திருக்கட்டும். அக்னி நட்சத்திர நாட்களில் வேலூர் வெயிலில் வந்து இறங்கும்போது உடம்பே வறண்டிருக்கும், குடித்த தண்ணீர் பைக்குப் போக நேரமாகும். அந்த மாதங்களில் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு வர வேண்டும். மொச்சை, காராமணி, முட்டைக்கோஸ், சோடா இந்த வாரங்களில் வேண்டாம். களி சாப்பிட்டுப் பழகியவர் அளவாகச் சாப்பிடலாம். பேதி தொடங்கினால் நிறுத்திச் சோற்றுக் கஞ்சி, மோர் என்று மாறட்டும். கடைசி வாரங்களில் சோர்வு கூடும். தினம் போய்வர முடியாவிட்டால் கடைசி ஒரு வாரமாவது வேலூரில் காந்தி ரோடு பக்கம் லாட்ஜில் தங்குவது நல்லது.

ஊசி குத்துவதால் நோய் பரவும் என்ற பயத்துக்காக இந்தச் சிகிச்சையை ஒதுக்க வேண்டியதில்லை. குத்திய சுரப்பி முழுவதற்கும் அன்றே 15 கிரே போகிறது, சுற்றிலும் உள்ள இடத்துக்கு வெளிக்கதிர் போகிறது.

ஆம்பூர்க்காரருக்கு வைத்தது அநேகமாக நிரந்தர விதையாக இருக்கும். அயோடின் விதையின் வீரியம் பாதியாக ஏறக்குறைய 60 நாள் ஆகும், அதனால் முதல் இரண்டு மாதம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், கர்ப்பிணிகள் அருகில் நெடுநேரம் உட்கார வேண்டாம் என்பார்கள். உங்கள் அப்பாவுக்குச் சொன்ன முறையில் உடம்புக்குள் எதுவும் மிஞ்சாது. வெளிக்கதிரிலும் மிஞ்சாது. வீட்டுக்கு வந்த அன்றே பேரப்பிள்ளையைக் கொஞ்சலாம். கனம் தூக்குவதை மட்டும் சில நாள் தள்ளிப்போடட்டும். அவருக்கு ஏன் உள்கதிர் மட்டும் என்றால், நோய் அப்பாவுடையதை விட லேசாக இருந்திருக்கலாம். நடுத்தர ஆபத்துக்காரர்களில் விதை மட்டும் வைத்தவர்களையும், 45 கிரே வெளிக்கதிரோடு சேர்த்து வைத்தவர்களையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில் சேர்த்ததால் நோய்க் கட்டுப்பாடு கூடவில்லை, தொல்லைதான் கூடியது. எல்லோருக்கும் இரண்டையும் சேர்க்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அப்பாவுக்கு 4+3, பாதிக்கு மேற்பட்ட துண்டில் நோய் என்பதால்தான் அந்தப் பேச்சே வருகிறது.

ஊசி வைத்த மறுநாள் டியூபை எடுப்பார்கள். இரண்டு மூன்று நாள் சிறுநீர் சிவப்பாகப் போகலாம். நான்கு முதல் ஆறு வாரம் எரிச்சலும் அவசரமும் இருக்கும். டாம்சுலோசின் மாத்திரையில் பெரும்பாலும் அடங்கும். அதைச் சாப்பிட்டு முதல் முறை எழுந்திருக்கும்போது தலை சுற்றலாம், கட்டிலில் உட்கார்ந்து பிறகு எழட்டும். மொபெட், டிராக்டர் இரண்டு வாரம் வேண்டாம். ஆறு மணி நேரம் சிறுநீரே போகாவிட்டால், ரத்தக் கட்டிகள் வந்தால், குளிரோடு காய்ச்சல் வந்தால் இரவானாலும் காத்திருக்காமல் பக்கத்து மருத்துவமனைக்குப் போய் டியூப் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு சிகிச்சை தந்த இடத்துக்கு வாருங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டது என்பதற்காக உடனே டியுஆர்பி (சிறுநீர்க் குழாய் வழியாகச் சுரப்பியைச் சுரண்டும்) ஆபரேஷனுக்குச் சம்மதிக்காதீர்கள். கதிர் பட்ட சுரப்பியைச் சீக்கிரத்தில் சுரண்டினால் சிறுநீர் அடக்க முடியாமல் போகும் ஆபத்து உண்டு. பெரும்பாலும் டியூபோடு சில வாரம் பொறுத்தால் வீக்கம் வடிந்து தானே சரியாகும்.

ஓரிரண்டு வருடம் கழித்து மலத்தோடு ரத்தம் வந்தால், கதிர் பட்ட மலக்குடல் சுவராக இருக்கலாம். ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்குச் சற்று அதிகம் வரும். குடல் டாக்டர் டியூப் விட்டுப் பார்க்கும்போது கதிர்வீச்சு பெற்றதைச் சொல்லுங்கள். அந்த முன்பக்கச் சுவரிலிருந்து சதை எடுத்தால் ஆறாமல் ஓட்டை விழக்கூடும்.

பணத்தைப் பொறுத்தவரை, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கலாம். ஆண்டுக்கு 5 லட்சம் வரை பாதுகாப்பு. உள்கதிரும் வெளிக்கதிரும் தனித்தனி அனுமதியாக வரக்கூடும். இரண்டுக்கும் அனுமதி வந்ததை உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள். ஒன்று முடிந்து மற்றது காகிதத்துக்காக வாரக்கணக்கில் நிற்கக் கூடாது. ரயிலில் வருவதென்றால் மருத்துவமனைச் சான்றிதழைக் காட்டிப் புற்றுநோயாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணச் சலுகை பெறலாம்.

முடிந்த பிறகு பிஎஸ்ஏ பரிசோதனை முதலில் மூன்று மாதத்தில், பின்னர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒரே லேபில் எடுங்கள். ஹார்மோன் ஊசியின் வேலை தீர்ந்ததும் எண் கொஞ்சம் ஏறும். அதோடு உள்கதிர் பெற்றவர்களுக்கு ஒன்று முதல் இரண்டு வருடத்துக்குள் காரணமில்லாமல் ஒருமுறை ஏறித் தானாக இறங்குவதும் உண்டு. 0.2 வரை இறங்கியவருக்கு 0.9 என்று வந்தால் மூன்று மாதம் விட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள், அவசரப்பட்டு ஹார்மோன் ஊசியைத் தொடங்கிவிடாதீர்கள். அவர் தொட்ட மிகக் குறைந்த எண்ணோடு 2 சேர்த்து, அதைத் தொட்டால்தான், அதாவது இந்தக் கணக்கில் 2.2-ஐ எட்டினால்தான், நோய் திரும்பியிருக்கலாம் என்று மறுபடி பெட் ஸ்கேனுக்கு அனுப்புவார்கள்.